பொதிகை உச்சிக்குப் பாபநாசம் வழியாகப் போக முடியுமா?

கேள்வி இதுதான்: “அம்பாசமுத்திரம் போயிருந்தபோது மேற்கே ஒரு மலையைக் காட்டி, அதுதான் பொதிகை உச்சி என்றார்கள். படித்துப் பார்த்தால் உயரம் 1,868 மீட்டர்தான். ஊட்டி ஊரே அதைவிட உயரம். பிறகு ஏன் அங்கே போய் வருவதைப் பெரிய காரியமாகச் சொல்கிறார்கள்? பாபநாசம் பக்கமிருந்து ஏற முடியுமா? மேலே என்ன இருக்கிறது? அகத்தியர் அங்கே இருந்தார் என்பதெல்லாம் நிஜமா?”

அவசரக்காரர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் பக்கமிருந்து இப்போது முடியாது. கேரளத்தில் போணக்காடு வழியாக, வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் மட்டும், வனத்துறை அனுமதியோடு முடியும். மற்றதைச் சாவகாசமாகச் சொல்கிறேன்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துக்கொண்டால் மேலே பேசலாம். எங்கள் ஊர்ப்பக்கம் மேற்கே சுவர் மாதிரி நிற்கிற மலை மொத்தத்துக்குமே பொதிகை என்றுதான் பெயர். டீக்கடையில் நிற்கிற ஒருவரிடம் கேட்டால், மேகம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதைக் காட்டுவார். நீங்கள் கேட்கிற உச்சி அந்தத் தொடரில் ஒன்று. நாம் அகத்தியர் மலை என்கிறோம், மலையாளிகள் அகஸ்தியார்கூடம் என்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே ஐந்து தலை நாகம் படமெடுத்த மாதிரி ஐந்தலைப் பொதிகை என்று இன்னொன்று இருக்கிறது. பலர் அதைப் படம் பிடித்துக்கொண்டு வந்து இதுதான் அகத்தியர் மலை என்பார்கள். உச்சி இருப்பது கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாறு வனவிலங்கு சரணாலயத்துக்குள். கொஞ்சம் கிழக்கே வந்தால் திருநெல்வேலி மாவட்டம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். மலை முதுகில் மேற்கே சரிகிற மழை நெய்யாறாகப் போய் அரபிக்கடலில் விழுகிறது. கிழக்கே சரிவது தாமிரபரணியாகி, ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது.

சரி, உயரத்துக்கு வருவோம். உங்கள் கணக்கு சரிதான், ஊட்டி 2,240 மீட்டர். ஆனால் ஊட்டியும் கொடைக்கானலும் மேலே போனால் விரிந்து கிடக்கிற நிலம். வெள்ளைக்காரன் ஏரி வெட்டினான், பங்களா கட்டினான், சாலை போட்டான், ஊட்டிக்கு ரயிலும் விட்டான். அகத்தியர் மலையில் அதற்கெல்லாம் இடமே கிடையாது. ஒடுக்கமான ஒரு மலை முதுகில், சோற்றைக் குவித்து வைத்த மாதிரி கூம்பாக ஒரு பாறை. அதன் உச்சியில் நாற்பது பேர் நெருக்கி நின்றால் உண்டு. சுற்றிலும் எந்தப் பக்கம் போனாலும் பல கிலோமீட்டர் மழைக்காடு. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள இந்த மலைகளில் தோட்டக்காரர்கள் நுழையாமல் இல்லை. போணக்காட்டிலும் மாஞ்சோலையிலும் தேயிலை போட்டார்கள். ஆனால் உச்சியைச் சுற்றிய நடுக்காட்டை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆக, கஷ்டம் உயரத்தில் இல்லை, தூரத்தில்தான் இருக்கிறது. இரண்டு நாள் நடக்காமல் அங்கே யாரும் போனது கிடையாது.

இப்போது போகிற வழியைச் சொல்கிறேன். ஜனவரி நடுவில் தொடங்கி ஏறக்குறைய மார்ச் தொடக்கம் வரை கேரள வனத்துறை ஆட்களை விடுகிறது. இரண்டு பருவமழைக்கும் நடுவில் கொஞ்சம் காய்ந்திருக்கிற காலம் அதுதான். அதற்கு முந்தினால் வழுக்கும், பிந்தினால் புல்லில் தீப்பிடிக்கிற பயம். ஒரு நாளைக்கு நூறு பேர் என்பது பொதுவான கணக்கு. இணையத்தில் முன்பதிவு திறந்தால், நம் ஊர் தீபாவளி ரயில் டிக்கெட் மாதிரி கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாக போணக்காடு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அங்கே கைவிடப்பட்ட எஸ்டேட் பங்களா ஒன்று இருக்கிறது, பேய் பங்களா என்று காணொளிகளில் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்க வருகிற கூட்டம் மலையேற வருகிறவர்களைவிட அதிகம் என்று நினைக்கிறேன்.

போணக்காடு வனச்சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டும். பிளாஸ்டிக், மது, பூசைச் சாமான் எதுவும் கூடாது. அங்கிருந்து அதிருமலை முகாம் வரை ஏறக்குறைய பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர். முதல் பாதி நல்ல நிழல், ஓடைகளைத் தாண்டித் தாண்டிப் போகிற வழி. இப்படியே போனால் என்ன கஷ்டம் என்று தோன்றும். அப்புறம் புல்வெளி வரும். பதினோரு மணி வெயிலில் ஆள் உயரப் புல்லுக்கு நடுவே நடக்கிறபோதுதான் முதல் தடவையாக உச்சி தெரியும். பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். அதை நம்பக் கூடாது. புல்வெளி முடிந்ததும் ஏழுமடக்கன் தேரி என்று ஓர் ஏற்றம், அதற்கு மேலே முட்டிடிச்சான் தேரி. நம் ஊரில் தேரி என்றால் செம்மணல் மேடு. அங்கே செங்குத்தான ஏற்றத்துக்கு அந்தப் பெயர். முட்டிடிச்சான் என்பதற்கு விளக்கமே வேண்டாம், ஏறுகிறபோது முழங்கால் நெஞ்சில் வந்து இடிக்கும். எனக்கு இடித்தது.

அதிருமலை முகாமில் தகரக் கூரை, தரையில் பாய், ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும். முகாமைச் சுற்றி யானைக்காக அகழி வெட்டியிருக்கிறார்கள். ராத்திரி காற்று கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கஞ்சி குடித்த சூட்டில் தூங்கினால்தான் உண்டு.

மறுநாள் காலை உச்சிக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர் போல. பாதி தூரம் ஈரக்காடு, வேர்களைப் படிக்கட்டாக வைத்து ஏறுகிற வழி. நடுவில் பொங்காலைப் பாறை என்று ஒரு பெரிய பாறைப் பரப்பு, அதன்மேல் தண்ணீர் மெல்லிசாக வழிந்துகொண்டிருக்கும். தண்ணீர் குடிக்க யானை வருகிற இடம், சாணம் கிடந்தது. அதற்கு மேலே மரங்கள் குட்டையாகிக்கொண்டே போகின்றன. கீழே நாற்பதடி வளர்கிற மரச்சாதி, மேலே காற்றுக்குப் பயந்து இடுப்பளவில் நின்றுவிடுகிறது. இலை தடிமன், கிளை முழுக்கப் பாசி. கடைசியில் மொட்டைப் பாறை. மூன்று இடத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்து உடம்பைப் பின்னால் சாய்த்து, பாதத்தை முழுசாகப் பாறையில் பதித்து ஏற வேண்டும். நாம் பயத்தில் முன்னால் குனிவோம், அப்போதுதான் கால் வழுக்கும். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் இந்த மலைப் பழங்குடியான காணிக்காரர், கயிற்றைத் தொடவே இல்லை. ரப்பர் செருப்பு, கையில் வெட்டுக்கத்தி, தோளில் எங்கள் கூட்டத்தில் முடியாமல் போன ஒருவரின் பை. “சாரே, கால நம்பு, கைய நம்பாத” என்றார். தமிழா மலையாளமா என்று பிரிக்க முடியாத பேச்சு அவர்களுடையது.

உச்சியில் கட்டடமோ கூரையோ கிடையாது. ஓர் அகத்தியர் சிலை இருக்கிறது, சுற்றிலும் குட்டை மரங்கள் வேலி மாதிரி காற்றை மறிக்கின்றன. மேகம் கிழக்கேயிருந்து ஏறி, நம் முகத்தை நனைத்துவிட்டு மேற்கே இறங்குகிறது. விலகின இரண்டு நிமிஷத்தில் கீழே காரையாறு அணையின் தண்ணீர் கண்ணாடித் துண்டு மாதிரி தெரிந்தது. என் ஊர் அந்தப் பக்கம்தான் என்று தெரியும், ஆனால் எது என்று சொல்ல முடியவில்லை. சின்ன வயதில் மாடியில் நின்று இந்த மலையைப் பார்த்தவனுக்கு, இங்கிருந்து மாடியைத் தேடுவது வேடிக்கையாக இருந்தது.

இனி நீங்கள் கேட்ட பாபநாசம் வழி. ஒரு காலத்தில் இருந்தது. எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் அப்படித்தான் போனார்கள். பாபநாசத்தில் குளித்து, சொரிமுத்தையனாரைக் கும்பிட்டு, காரையாறு அணையைத் தாண்டி, பாணதீர்த்தம் அருவிக்கு மேலே ஏறி, இஞ்சிக்குழி, கன்னிகட்டி, பூங்குளம் என்று போகிற வழி. அரிசியும் கருப்பட்டியும் தலையில் கட்டிக்கொண்டு, நாலைந்து நாள் போகவும் வரவும். காணிக்காரர் ஒருவர் முன்னால் நடக்காமல் யாரும் போகமாட்டார்கள். பூங்குளத்தைத்தான் தாமிரபரணி பிறக்கிற இடம் என்று சொல்வார்கள். காட்டுக்கு நடுவே ஒரு சின்னக் குளம், அவ்வளவுதான். அணைகளில் தேங்கி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் வயலையெல்லாம் நனைத்துக் கடலுக்குப் போகிற ஆறு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்றால் நம்ப முடியாது.

அந்த வழியைத் தமிழக வனத்துறை அடைத்துவிட்டது. காரணம் எளிது, அது புலிகள் காப்பகத்தின் உள்காடு. முண்டந்துறை, களக்காடு என்று தனித்தனியாக இருந்த இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக ஆக்கினார்கள். கேரளப் பக்கத்தை அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் என்று 2001-ல் அறிவித்து, பிறகு நம் பக்கத்தையும் அதில் சேர்த்தார்கள், மொத்தப் பரப்பு ஏறக்குறைய 3,500 சதுர கிலோமீட்டர். 2016-ல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. “நம் மலைக்கு நாம் போக கேரளாவிடம் சீட்டு வாங்கணுமா” என்று ஊரில் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் அந்தக் கோபம் இருந்தது. பாணதீர்த்தத்துக்குப் படகு விட்ட நாட்களில் பாறை இடுக்கெல்லாம் ஷாம்பு உறையும் பழைய துணியும் கிடந்ததைப் பார்த்தவன் என்பதால் இப்போது இல்லை. தண்ணீர் வந்தால் போதும், நான் போகாவிட்டால் பரவாயில்லை.

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தாமிரபரணி வற்றாத ஆறு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தென்மேற்குப் பருவமழை ஜூனில் மேற்குச் சரிவில் பெய்து உச்சியைத் தாண்டிச் சாரலாகக் கொட்டுகிறது, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை கிழக்குச் சரிவில் நேராகவே பெய்கிறது. இரண்டு மழையும் கிடைக்கிற காடு. ஆனால் மழை பெய்தால் மட்டும் ஆறு வற்றாமல் ஓடாது, அதைப் பிடித்து வைக்க ஆள் வேண்டும். சோலைக்காட்டில் தரையைக் கையால் அழுத்திப் பாருங்கள். இலை மக்கிய மண் பஞ்சு மாதிரி அமுங்கும், கையை எடுத்தால் விரல் தடத்தில் தண்ணீர் ஊறும். பிப்ரவரி வெயிலிலும் அப்படித்தான் இருந்தது. சித்திரையில் பாபநாசம் படித்துறையில் ஓடுகிற தண்ணீர் இப்படி விட்டுவிட்டுக் கசிந்த தண்ணீர்.

அந்தக் காட்டில் இருக்கிற செடிகொடிகளைப் பற்றி யுனெஸ்கோ கணக்கு 2,254 வகை உயர்தாவரங்கள் என்கிறது, அவற்றில் ஏறக்குறைய 400 வேறெங்கும் இல்லாதவை. எண்ணிக்கையைவிட ஒரே ஒரு பூவின் கதை எனக்கு முக்கியம். 1865-ல் கர்னல் ட்ரூரி என்கிற ஆங்கிலேயர் திருவிதாங்கூர் மலையில் ஓர் ஆர்க்கிட் கண்டெடுத்தார். மஞ்சள் பூ, இதழ் நடுவில் கரும்பழுப்புக் கோடு, அடியிதழ் குழந்தையின் செருப்பு மாதிரி குழிந்திருக்கும். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். தென்னிந்தியாவில் அந்தச் செருப்பு ஆர்க்கிட் இனத்தில் இருப்பது அது ஒன்றுதான், அதுவும் இந்த மலையில் மட்டும்தான். வெளிநாட்டில் ஆர்க்கிட் வளர்க்கிறவர்களுக்காகப் பிடுங்கிப் பிடுங்கி, கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கிவிட்டார்கள். இன்று உலகத்தில் பல கண்ணாடி வீடுகளில் அது பூக்கிறது, பிறந்த பாறையில் தேடினால் கிடைப்பது அரிது. நானும் தேடினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்பட்டிருந்தாலும் எந்த இடம் என்று இங்கே எழுதமாட்டேன்.

ட்ரூரிக்குப் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே இன்னொரு ஆள் உச்சியில் வீடே கட்டிவிட்டார், அது இன்னும் சுவாரசியம். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் தொடங்கிய வானாய்வகம் இருக்கிறதல்லவா, அதற்கு 1852-ல் ஜான் ஆலன் பிரௌன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் இயக்குநராக வந்தார். அவருக்குக் காந்த ஊசிப் பைத்தியம். பூமியின் காந்தம் ஒரே நாளில் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று துளித்துளியாக மாறும். நிலநடுக்கோடு மாதிரியே காந்தத்துக்கும் ஒரு நடுக்கோடு உண்டு, திருவனந்தபுரம் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழே ஊசி அசைகிற அதே நேரத்தில் 6,000 அடிக்கு மேலே வைத்த ஊசி எப்படி அசைகிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. காட்டை வெட்டி வழி செய்து, கருவிகளைத் தூக்கவைத்து, 1855-ல் அகத்தியர் உச்சியில் ஓர் ஆய்வகம் கட்டினார். காந்த ஆய்வகம் என்றால் பக்கத்தில் இரும்பு ஆணிகூட இருக்கக் கூடாது, இருந்தால் ஊசி அதையல்லவா பார்க்கும். அந்தக் காற்றில் இரும்பில்லாமல் ஒரு கட்டடத்தை நிற்க வைத்து, மணிக்கு மணி ஊசியைப் பார்த்து எழுத அங்கே ஆட்களை உட்கார வைத்தார். கயிறு பிடித்து ஏறுகிறபோது நான் நினைத்துக்கொண்டது அந்த எழுத்தர்களைத்தான். முகம் கழுவத் தண்ணீருக்குக்கூடக் கீழே இறங்க வேண்டிய இடத்தில், விளக்கு வெளிச்சத்தில் எண்களை எழுதிக்கொண்டிருந்த யாரோ நாலு பேர். பிரௌன் 1865-ல் ஊருக்குப் போனார், மலை மேலிருந்த ஆய்வகமும் நீடிக்கவில்லை. காந்த நடுக்கோடு மட்டும் அங்கேயே இருந்தது. நூறு வருஷம் கழித்து, அது பக்கத்தில் ஓடுகிறது என்பதற்காகவே திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பரில் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டை அங்கிருந்து விட்டார்கள்.

காணிக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மலையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இரண்டு பக்கமும் அவர்கள் குடியிருப்புகள் இருக்கின்றன. நம் பக்கம் இஞ்சிக்குழி, சின்ன மைலாறு, பெரிய மைலாறு, சேர்வலாறு என்று. பிழைப்பு மரச்சீனிக் கிழங்கு, மிளகு, தேன். ஊர்த்தலைவரை மூட்டுக்காணி என்பார்கள், மருந்தும் மந்திரமும் தெரிந்தவர் பிலாத்தி.

1987 டிசம்பரில் தாவர ஆய்வாளர்கள் சிலர் புஷ்பாங்கதன் தலைமையில் இந்தக் காட்டுக்குள் போனார்கள். ஏற்றத்தில் ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்குகிறது, கூட வந்த காணி இளைஞர்கள் மட்டும் ஏதோ சின்னப் பழத்தை மென்றுகொண்டு சாதாரணமாக ஏறுகிறார்கள். என்ன அது என்று கேட்டால் சொல்ல மனமில்லை, வெளியாருக்குச் சொல்லக் கூடாத விஷயம். கடைசியில் காட்டினார்கள். நிழலில், தரையோடு தரையாக, இதய வடிவ இலை விட்டு வளர்கிற செடி. ஆரோக்கியப் பச்சை என்று பெயர். அதையும் வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து, திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் ‘ஜீவனி’ என்று ஒரு மருந்து செய்தது. கோயம்புத்தூர் ஆயுர்வேத நிறுவனம் ஒன்று 10 லட்சம் ரூபாய் கட்டணத்துக்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் அதைத் தயாரிக்க உரிமம் வாங்கியது. வந்ததில் பாதி காணிகளுக்கு என்று ஒப்புக்கொண்டு, அதற்காக 1997-ல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்கள். பழங்குடிகளின் அறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு முதல் முன்னுதாரணம் என்று உலகம் பூராவும் இதைப் பாராட்டினார்கள்.

நடைமுறை அவ்வளவு அழகாக இல்லை. மருந்துக்கு இலை வேண்டும், இலை காட்டில் இருக்கிறது, காட்டிலிருந்து பறிக்க வனத்துறை விடவில்லை. காட்டு நிழலை விட்டு வெளியே வளர்த்தால் மருந்துக் குணம் சரியாக வருவதில்லை என்றும் கண்டார்கள். இன்னொரு சங்கடம், எல்லாக் காணிகளும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ரகசியத்தைச் சொன்னது சரியா என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு இருந்தது. எங்கள் வழிகாட்டியிடம் ஆரோக்கியப் பச்சை எங்கே இருக்கும் என்று கேட்டேன். சிரித்தார். “இப்ப எல்லாருக்கும் தெரியும் சாரே” என்று சொன்னார், ஆனால் காட்டவில்லை.

பெண்கள் போகலாமா என்றும் நிறையப் பேர் கேட்பார்கள். 2018 வரை உச்சிக்கு விடவில்லை. அகத்தியர் பிரம்மச்சாரி முனி, பெண்கள் ஏறுவது எங்கள் வழக்கத்துக்கு ஆகாது என்று காணிகள் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. பெண்கள் வழக்குப் போட்டார்கள். பாலினத்தைக் காட்டித் தடுக்க முடியாது என்று 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறைச் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் அந்தத் தீர்ப்புக்குப் பின் முதல் ஆளாக ஏறினார். காணிகளின் மனக்குறையை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனால் அகத்தியருக்கு லோபாமுத்திரை என்று மனைவி உண்டு என்பதைத் தாமிரபரணிக்கரைக்காரன் ஒருவன் சொல்லாமல் இருக்க முடியாது.

அகத்தியருக்கே வந்துவிட்டோம். கதை உங்களுக்குத் தெரியும். சிவன் கல்யாணத்துக்கு எல்லோரும் கயிலையில் கூடினார்கள், வடக்கு தாழ்ந்தது, சமன் செய்ய அகத்தியரைத் தெற்கே அனுப்பினார்கள், பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் அவருக்கு மணக்கோலம் காட்டினார்கள். இது புராணம். இலக்கியத்தில் தேடினால் நிலைமை வேறு. புறநானூற்றில் பொதியில் வருகிறது, அகத்தியர் பெயர் வருவதில்லை. இரண்டாம் பாட்டிலேயே இமயமும் பொதியமும் போல நிலைத்திரு என்று சேர அரசனை வாழ்த்துகிறார்கள். அப்போது இந்த மலை ஆய் என்கிற வேளிரின் மலை. ஆய் அண்டிரனைப் பாடுகிற ஒரு பாட்டு, மழை தவழ்கிற இந்தப் பொதியிலை ஆடுமகள் நெருங்கினால் நெருங்கலாம், பெருமை மிக்க மன்னர்கள் நெருங்குவது அரிது என்கிறது. பரிசு வாங்க வருகிறவளுக்கு வழி திறந்திருக்கிறது, படையோடு வருகிறவனுக்கு இல்லை. இன்றைக்கு வனச்சாவடியில் பையைத் திறந்து காட்டும்போது எனக்கு இந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வந்தது. கிரேக்கத் தாலமி எழுதின நிலநூலிலும் ‘பெத்திகோ’ என்று ஒரு மலையும் ‘ஆயோய்’ என்று ஒரு நாடும் வருகின்றன. பொதிகையும் ஆய்நாடும்தான் அவை என்பது பொதுவான கருத்து.

பரிபாடலில் பொதியில் முனிவன் என்று ஒரு குறிப்பு வருகிறது. அங்கே அது வானத்து நட்சத்திரம், தெற்கே தாழ்வாக, தையில் முன்னிரவில் பளிச்சென்று தெரியும் அகத்திய மீன். முச்சங்கமும் அதில் முதல் புலவராக அகத்தியரும் வருவது பல நூற்றாண்டு கழித்து, இறையனார் களவியல் உரையில். எனவே மலை முதலில், பெயர் பெற்ற முனிவர் பிறகு என்றுதான் எனக்குப் படுகிறது. மலை மேல் ஒருவர் இருந்தாரா என்று கேட்டால், இருந்தவர்கள் காணிகள்.

பௌத்தர்களுக்கும் இங்கே ஒரு பாத்தியதை உண்டு, அதிகம் பேருக்குத் தெரியாது. அவலோகிதேசுவரர் என்கிற போதிசத்துவர் வசிக்கிற மலைக்கு போதலகம் என்று பெயர், தென்னாட்டில் கடலோரம் இருக்கிறது என்பது அவர்கள் நூல்கள் சொல்வது. ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் அதைச் சந்தன மரம் நிறைந்த மலய மலைக்குக் கிழக்கே வைக்கிறார். உச்சியில் கண்ணாடி போலத் தெளிந்த ஏரி, அதிலிருந்து ஓர் ஆறு புறப்பட்டு மலையை இருபது சுற்றுச் சுற்றித் தென்கடலில் விழுகிறது என்றும் எழுதுகிறார். அது பொதியில்தான் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷூ ஹிகோசகா வாதாடினார். பதினோராம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கண நூலான வீரசோழியமும் அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்றுதான் சொல்கிறது. லாசாவில் தலாய் லாமாக்கள் வாழ்ந்த பொதாலா அரண்மனைக்கு அந்தப் போதலகத்தின் பெயர்தான் வைத்தார்கள். அதனால் ‘திபெத் அரண்மனைக்கு நம் பொதிகை பெயர்’ என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். யுவான் சுவாங் எழுதியது நேரில் பார்த்தல்ல, கேட்டறிந்து. உச்சியில் ஏரியும் கிடையாது. ஆனாலும் பூங்குளத்தையும் தாமிரபரணியையும் யாரோ அவரிடம் சொல்லி, அது வாய்க்கு வாய் வளர்ந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.

நீங்கள் நிஜமாகவே போகிறதாக இருந்தால் இரண்டு மூன்று விஷயம். மூன்று மாதத்துக்கு முன்னாலேயே மாடிப்படி ஏறி இறங்கப் பழகுங்கள், ஏறுவதைவிட இறங்குவதற்கு. அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் போதும். பிப்ரவரியில் அதுகூட அவ்வளவாகத் தேவைப்படாது. ஷூ ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், புறப்படுவதற்கு முந்தின நாள் ராத்திரி கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நான் வெட்டாமல் போனேன். இறக்கம் முழுக்க இரண்டு பெருவிரலும் ஷூ முனையில் போய் இடித்து, நகம் கறுத்து விழுந்து, திரும்ப முளைக்க ஆடி மாதம் ஆகிவிட்டது.